ரொஷார் வாசித்த வேகம்

பழைய இசைத்தட்டு எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை இப்போது கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடுமாம். கண்டுபிடிக்கட்டும். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரை இந்த முறை நடத்துகிற பிள்ளைகளில் ஒருத்தி ஒலிப்பதிவு வேலை செய்கிறாள். அவள்தான் கேட்டாள், "அங்கிள், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில எப்பிடிப் பிடிச்சனீங்கள்?" என்று. காதால் பிடித்தோம் என்றேன். அது போதாதாம். எழுதித் தர வேண்டுமாம். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. நீட்டி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் லவுட்ஸ்பீக்கர் வாடகைக் கடை ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவன். கலியாணம், கோயில் திருவிழா, கூட்டம் எல்லாவற்றுக்கும் செட் கொண்டுபோய்க் கட்டுவோம். தட்டுப் போடுவதும் என் வேலை. கச்சேரி என்றால் மைக் பிடித்து வைத்துவிட்டு மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன். வயலின்காரருக்கு நாலு அடி தூரத்தில் இருந்துதான் அந்தப் பதினொரு வருடமும் வயலின் கேட்டேன். சுரம் பெயர் தெரியாது. சத்தம் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவின் கணவர் என்னைச் சிட்னிக்கு எடுப்பித்தார். ஒரு பற்றரித் தொழிற்சாலையில் ஒன்றரை வருடம். பிறகு ஒரு ஒலிநூலகத்தில் தட்டுக் கழுவ ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். வானொலிக்காரரும் சங்கீதக் கல்லூரிக்காரரும் பழைய தட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து வாங்கும் இடம் அது. அங்கே ஒரு அம்மா என் கையில் ஒரு தட்டைத் தந்து, மறுபக்கம் திருப்பச் சொன்னார். இரண்டு உள்ளங்கைகளையும் விளிம்பில் வைத்துத் திருப்பினேன். விரல் படவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

அந்த அம்மாதான் மிஸ் ஹார்கோட். பதிவு அறைக்குத் தலைவி. ஐம்பது வயது இருக்கும். சாம்பல் நிறப் பருத்திக் கோட்டு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டியிருப்பார், தட்டில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் ஸ்டாப் வாட்ச். பத்து மணிக்கு ஒரு ஆப்பிளைக் கத்தியால் எட்டுத் துண்டாக வெட்டிச் சாப்பிடுவார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொட மாட்டார்.

அவருக்கு இடது காது சரியில்லை. மறைக்க மாட்டார். ஒலிபெருக்கிக்கு வலது காதைக் காட்டிப் பக்கவாட்டில் உட்காருவார். மெல்லிய சத்தம் ஏதும் என்றால் என்னிடம் கேட்பார், "மிஸ்டர் ராசையா, உங்களுக்கு என்ன கேட்கிறது?" என்று. கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் நான் ராஜர். ராசையா அவர்கள் வாயில் நுழையாதாம். மிஸ் ஹார்கோட் முதல் நாளே என்னை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, நாலாம் தரம் தானே சரியாகச் சொன்னார்.

நல்லது, அருமை என்றெல்லாம் சொல்லிக் கேட்டதில்லை. பதிவு சரியாக வந்தால் "நிற்கும்" என்பார். அவ்வளவுதான்.

வேலை இப்படி. தட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி சோப்பு விட்டு, மென்மையான தூரிகையால் வரி போகிற திசையிலேயே கழுவ வேண்டும். லேபிள் நனையக்கூடாது. நிழலில் நிமிர்த்தி உலர விட வேண்டும். பிறகு முள் தெரிவு. பழைய தட்டுகளின் வரிகள் ஒரே அகலமில்லை. எங்களிடம் பதினாலு முள் இருந்தது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, இரைச்சல் குறைந்ததை எடுப்போம். கடைசியாக வேகம்.

வேகம்தான் பெரிய வேலை. எழுபத்தெட்டுச் சுற்று என்பது பின்னால் வந்த வழக்கம். முந்திய காலத்துக் கம்பனிகள் எழுபதிலும் பதிந்தன, தொண்ணூறிலும் பதிந்தன. வேகம் கூடினால் பாட்டு ஓடும், சுருதியும் மேலே ஏறும். மிஸ் ஹார்கோட் அந்தப் பாட்டின் அச்சிட்ட இசைத்தாளை எடுத்து, அது எந்தச் சுருதியில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார். சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைப்பார். தட்டின் சுருதி தாளோடு சேரும்வரை பிளேயரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். சேர்ந்ததும் நான் லேபிளில் ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியை ஒட்டி, ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவேன். அந்த எண்ணை அட்டையில் எழுதுவோம். நான் எழுதினால் பென்சில். அவர் பார்த்து முடிவாக்கினால் மை. மை விழுந்த எண்ணை ஒருவரும் மாற்றுவதில்லை.

லேபிளை நம்பாதே என்று அவர் அடிக்கடி சொல்வார். லேபிளில் பெயர், ஊர், வேகம் எல்லாமே பிழையாக இருக்கும். ஆனால் லேபிளை நம்பாத மனிசி, அச்சடித்த இசைத்தாளை நம்பினார். எல்லோருக்கும் ஏதாவது ஒன்றில் நம்பிக்கை வேண்டும்தானே.

மெல்பேணில் ஒரு சேகரிப்பாளர் இறந்து, அவருடைய தட்டுப் பெட்டிகள் எங்களுக்கு வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்து நாலாம் மாதம் இருக்கும். எல்லாம் பிரெஞ்சு வயலின்காரர்கள். நூற்றாண்டு பிறந்த கையோடு பாரிசில் பதிந்தவை. முதல் பெட்டியில் ஆறு தட்டு. கழுவினேன், உலர்த்தினேன், போட்டேன். உஸ் என்று இரைச்சல். வேறொன்றுமில்லை. அடுத்ததைப் போட்டேன். அதுவும் உஸ். ஆறும் ஊமை.

நான் சத்தத்தைக் கழுவிவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது எழுதச் சிரிப்பாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஏதோ வேறு மெழுகில் பதிந்திருக்கிறார்கள், சோப்புத் தண்ணீரில் கரைந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜோசப்புக்கு மட்டும் சொன்னேன். ஜோசப் மலேசியத் தமிழன். பகலில் எங்கள் கட்டடத்தில் கடிதமும் கோப்பும் தூக்கிக்கொண்டு மாடிக்கு மாடி ஏறுவான். மாலையில் படிப்பான். ஸ்ட்ராத்ஃபீல்டில் நானும் அவனும் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். அவனுக்கு எதுவும் பகிடிதான்.

"பிரான்ஸ்காரன் வாயையே கழுவி விட்டுட்டீங்களா அண்ணே? சோப்பு என்ன சோப்பு? எங்க லெக்சரருக்கும் கொஞ்சம் வேணும்."

மூன்றாம் நாள் மிஸ் ஹார்கோட்டிடம் போய்ச் சொன்னேன். என் இங்கிலீசில் "சத்தம் போயிற்று, நான் கழுவினேன்" என்று மட்டும்தான் வந்தது. அவர் திருப்புளியை எடுத்தார். முள் பூட்டிய தலையின் பின்னால் இருந்த வயர்களில் இரண்டைக் கழற்றி, இடம் மாற்றிப் பூட்டினார். முள்ளை விளிம்பில் வைக்காமல், நடுவில், லேபிளுக்குப் பக்கத்தில் வைத்தார். வயலின் வந்தது.

மற்றத் தட்டுகளில் வரி இடதும் வலதுமாக அசையும். இந்தப் பிரெஞ்சுத் தட்டுகளில் மேலும் கீழுமாக, மேடும் பள்ளமுமாகப் போகும். இடம் வலம் மட்டும் கேட்கிற முள்ளுக்கு இவை ஊமை. நடுவில் தொடங்கி விளிம்பில் முடியும். "இரண்டு நாள் காத்திருந்தீர்கள். இனி இரண்டு நிமிடம் காத்திருந்தால் போதும்" என்றார் மிஸ் ஹார்கோட். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் நான் ஒளித்ததில்லை.

அந்தப் பெட்டிகளை முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த வயலின்காரர்களின் கதைகள் அனேகமாக ஒரே மாதிரி. சின்ன வயதில் பாரிஸ் கல்லூரியில் முதல் பரிசு. ஒரு கம்பனி கூப்பிட்டு, தகரக் குழல் ஒன்றின் முன் நிறுத்தி, மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லும். கெட்டிக்காரர், அதிர்ஷ்டக்காரர் நிறையத் தட்டுப் போட்டார்கள். மற்றவர்கள் ஒன்றிரண்டு. பிறகு உலகச் சண்டை வந்தது. சிலர் ஹோட்டலில் வாசித்தார்கள், சிலர் கப்பலில். ஒரு சிலர் நாடகக் கம்பனிகளோடு சிட்னிக்கும் மெல்பேணுக்கும் வந்து இங்கேயே நின்றுவிட்டார்கள். இப்போதைய வயலின்காரர் மாதிரி விரலை ஓயாமல் நடுக்க மாட்டார்கள். நேராகப் பிடிப்பார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவார்கள். அந்த வழுக்கல் எனக்குப் புதிதில்லை. இங்கத்தை ஆட்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை.

இனி ரொஷாரின் தட்டு.

வானொலியில் ஃபென்விக் என்று ஒரு அறிவிப்பாளர். பழைய பிரெஞ்சு வயலின்காரர் பற்றி வாராவாரம் ஒரு நிகழ்ச்சி நடத்தத் திட்டம் போட்டார். ஒலிநாடா நாங்கள் கொடுப்பது. அதைக் கேள்விப்பட்டு மெல்பேணிலிருந்து மிஸிஸ் லோசன் என்ற ஒரு அம்மா எழுதினார். அவருடைய தகப்பன் எமில் ரொஷார். பாரிசில் பரிசு வாங்கியவர். இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு தட்டுப் போட்டார். நாடகக் கம்பனியோடு மெல்பேணுக்கு வந்து, தியேட்டர் வாத்தியக் குழுவில் வாசித்தார். பேசும் படம் வந்ததும் குழுவைக் கலைத்தார்கள். பிறகு வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே காலத்தை முடித்தார். அந்தத் தட்டு தன்னிடம் இருக்கிறது, ஆனால் வீட்டுக் கிராமபோன் எதிலும் அது சத்தம் போட்டதில்லை, தகப்பனின் தட்டைத் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தார். நிகழ்ச்சிக்குத் தரச் சம்மதம். ஆனால் ஒலிபரப்புவதற்கு முன் தான் வந்து கேட்க வேண்டும், பின்பக்கத்தில் ஒன்றும் பூசக்கூடாது, ஒட்டக்கூடாது என்று இரண்டு நிபந்தனை.

தட்டு ஒரு தொப்பிப் பெட்டிக்குள், கம்பளித் துணி சுற்றி வந்தது. விளிம்பிலிருந்து உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. மறுபக்கத்தில் வேறு யாரோ பாடுவது. வேறு பிரதி இருப்பதாக ஒருவருக்கும் தெரியாது.

வெடித்த தட்டை ஒரு தரம்தான் போடுவது என்பது மிஸ் ஹார்கோட்டின் சட்டம். சுற்றும்போது வெடிப்பு நீளும். போதாததற்கு இந்தத் தட்டில் ஒலியே மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது. வெடிப்பும் ஒரு மேடு பள்ளம். முள் அதில் ஏறும்போது இடி மாதிரி விழும். நடுவில் தொடங்குகிற தட்டு என்பதால் வெடிப்பு பாட்டின் கடைசிப் பகுதியில் வந்து நின்றது.

நான் வெடிப்பின் ஒரு பக்கத்துக்குக் கீழே பஸ் டிக்கெட் ஒன்றை மடித்து வைத்தேன். அப்போது முள் ஏறாமல் இறங்கிப் போகும். மிஸ் ஹார்கோட் இசைத்தாளை எடுத்து வைத்திருந்தார். சுருதி ஏ மைனர் என்றார். தொடக்கத்தில் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டுச் சுருதி பிடித்தார். எண்ணினேன். தொண்ணூறு. அந்தக் கம்பனியின் அந்தக் காலத்துத் தட்டுகள் பலதும் தொண்ணூறுக்குக் கிட்டத்தான். அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. முழுவதும் பதிந்தோம். கடைசியில் இருபது தரம் இடி விழுந்தது. தட்டு தப்பிவிட்டது. அவர் அட்டையில் மையால் தொண்ணூறு என்று எழுதினார்.

எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பாட்டின் முடிவில் பியானோ முதலே நின்றுவிடும். வயலின் தனியே ஒரு ஆகக் கீழான சுரத்தைப் பிடித்து முடிக்கும். வில்லை எடுத்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. இடிகளுக்கு நடுவே மெல்லிசாக, ஆனால் நின்றது. விரல் வைத்த கம்பி அப்படி நிற்காது. வில்லை எடுத்ததும் அமுங்கிப் போகும். விரல் வைக்காத வெறும் கம்பிதான் அப்படி ஆடிக்கொண்டு நிற்கும். நாலு அடி தூரத்தில் இருந்து பதினொரு வருடம் கேட்டது அது. வயலினில் ஆகக் கீழ்க் கம்பியின் வெறும் சத்தம் ஒரே ஒரு சுரம்தான். அதை மிஸ் ஹார்கோட்டின் சுருதிக் கவைகளில் தேடிப் பிடித்தேன். தொண்ணூறில் ஓடும்போது அந்தச் சத்தம் அதற்கு ஒரு முழுப் படி மேலே நின்றது. கம்பிக்குச் சரியாக இறக்கினால் எண்பது.

அட்டையில் அவருடைய மைக்குக் கீழே பென்சிலால் எண்பது என்று எழுதினேன். அப்படி ஒருவரும் செய்ததில்லை.

அவர் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, இசைத்தாளை விரித்து, முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

"நோ ஃபிங்கர்" என்றேன். கடைசிச் சுரத்தைச் சொல்கிறேன் என்று விளங்கிக்கொண்டார். வலது காதைக் காட்டி, ஒலிநாடாவின் முடிவை மூன்று தரம் கேட்டார். தனக்கு வெடிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்றார். பொய் சொல்லவில்லை. இன்னொரு தரம் தட்டைப் போட்டு, வேறு முள்ளால் எடுத்தால் தெரியும் என்றேன். அது நம்முடைய தட்டு இல்லை, இரண்டாம் தரம் போட நமக்கு உரிமை இல்லை என்றார். அதுவும் சரி. ஒலிநாடாவை மெதுவாக ஓட்டிக் காட்டலாமே என்றால் எங்கள் மெஷினில் இரண்டு வேகம்தான், ஒன்று மற்றதில் பாதி. அவர் என் பென்சிலை அழிக்கவில்லை. தன் மையையும் வெட்டவில்லை. ஃபென்விக்கின் ஆள் வந்து ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டு கிழமை கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜோசப் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நிகழ்ச்சிக்கு ஃபென்விக் எழுதியது தட்டச்சாகி, ஒரு பிரதி எங்கள் கட்டடத்துக்கும் வந்திருக்கிறதாம். மாடிக்குக் கொண்டுபோகிற வழியில் வாசித்துவிட்டான்.

"உங்க ஆளைப் பத்தி எழுதியிருக்கான் அண்ணே."

"என்னவாம்?"

"பரிசு வாங்கினவராம். ஆனா அவசரக்காரராம். சத்தம் ஒல்லியாம், கீச்சுனு இருக்காம். அவர் ஏன் மேல வரலைங்கறதுக்கு இந்த ஒரு தட்டே போதுமாம், கேட்டுப் பாருங்கனு எழுதியிருக்கான்."

சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். ஃபென்விக் பிழை எழுதவில்லை. அவர் கேட்டதை எழுதினார். அவருக்கு அப்படிக் கேட்கக் கொடுத்தது நாங்கள். தொண்ணூறில் ஓடவிட்டால் யார்தான் அவசரக்காரன் இல்லை? ஒரு மனிதன் வாழ்க்கையில் பதிந்தது மூன்று நிமிடம். அதையும் கெடுத்து, அதையே சாட்சியாக வைத்து, நாடு முழுக்கச் சொல்லப் போகிறார்கள்.

"நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே. அந்தம்மா கடிச்சா தின்னுடும்?" என்றான் ஜோசப்.

"சொல்லிப்போட்டன். தட்டு மெல்பேண் மனிசியின்ர. மனிசி வரட்டும்."

மிஸிஸ் லோசன் ஒரு வியாழக்கிழமை காலை ரயிலில் வந்தார். அறுபது வயது இருக்கும். மெலிந்த அம்மா. கையுறை போட்டிருந்தார். மிஸ் ஹார்கோட் அவரைத் தன் கதிரையில் உட்கார வைத்தார். நான் பின்னால் பிளேயர் பக்கத்தில் நின்றேன். ஃபென்விக்குக்குக் கொடுத்ததின் பிரதியைப் போட்டோம்.

அவர் அசையாமல் கேட்டார். வயலின் ஓடியது. கடைசியில் இடி விழுந்தது. முடிந்தது. அவர் கையுறையின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார்.

"மிகவும் நன்றி. தெளிவாக இருக்கிறது" என்றார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "நான் அவரை இதைவிட நல்லாக ஞாபகம் வைத்திருந்தேன். பிள்ளைகள் அப்படித்தானே" என்றார்.

அந்தச் சொல்லை நான் விட்டிருக்கலாம். மை விழுந்த அட்டை. பேச வேண்டியவர் தலைவி. நான் கழுவுகிறவன். விடவில்லை.

"மிஸ் ஹார்கோட், பென்சில்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மேசைக்குப் போய் அட்டையை எடுத்து வந்து மிஸிஸ் லோசனின் மடியில் வைத்தார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். இந்த எண் என்னுடையது. கீழே உள்ளது மிஸ்டர் ராசையாவினுடையது. இவர் சொல்வது சரி என்றால் நீங்கள் இப்போது கேட்டது உங்கள் தகப்பன் இல்லை. நான் என் எண்ணில் நிற்கிறேன். ஆனால் இவருடைய காது என்னுடையதைவிட நல்லது. அறிய வேண்டும் என்றால் தட்டை இன்னொரு தரம் போட வேண்டும். போட்டால் உடையலாம். தட்டு உங்களுடையது.

மிஸிஸ் லோசன் என் பக்கம் திரும்பினார். எதனால் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

என் இங்கிலீஸ் அன்றும் அவ்வளவுதான். "கடைசிச் சுரம். விரல் இல்லை. கை சும்மா இருந்தது" என்றேன். இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது கையை மெதுவாகத் தூக்கினார். கையுறையோடு, மேல் உதட்டில் வைத்து, மீசை தடவுவதுபோல ஒரு தரம் தடவினார்.

"முடிக்கும்போது இப்படிச் செய்வார். வயலின் நாடிக்குக் கீழே அப்படியே இருக்கும். சத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கும். இடது கையால் மீசையைத் தடவுவார். நாங்கள் சிரிப்போம். கை சும்மா இருந்ததால்தான் தடவினார் என்று நான் நினைத்ததே இல்லை."

மிஸ் ஹார்கோட் அந்த இசைத்தாளைத் தூக்கிப் பார்த்தார். மூடி வைத்தார்.

"போடுங்கள்" என்றார் மிஸிஸ் லோசன்.

பின்பக்கம் தேன்மெழுகு தடவி வெடிப்பை இறுக்க அனுமதி கேட்டேன். அந்தப் பக்கம் பாடுகிறவரைத் தனக்குத் தெரியாது, தாராளமாகத் தடவுங்கள் என்றார். தடவினேன். மெழுகு இறுகக் காத்திருந்தோம். பஸ் டிக்கெட்டை இரண்டாக மடித்து வைத்தேன். ஒரு அளவு பெரிய முள்ளைப் பூட்டி, பாரத்தை ஒரு கிராம் குறைத்தேன். அதற்கு மேல் குறைத்தால் துள்ளும். கடதாசித் துண்டை ஒட்டி எண்ணினேன். மிஸ் ஹார்கோட்டும் தன் ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துத் தானே எண்ணினார். எண்பது. நாடா ஓடத் தொடங்கியது. முள்ளை நடுவில் இறக்கினேன்.

அது வேறு மனிதர்.

ஓடவில்லை. கீச்சிடவில்லை. நடக்கிற ஆள் நடக்கிறபடி வந்தது. வழுக்குகிற இடங்களில் அவசரப்படாமல் வழுக்கியது. பாதியில் பார்த்தேன். மிஸிஸ் லோசனின் விரல்கள் மடியில் அசைந்துகொண்டிருந்தன. பியானோப் பகுதியை வாசிக்கிறார். ஒரு இடத்தில் அவர் விரல் முந்தி இறங்கி, வயலினுக்காகக் காத்து நின்றது.

முள் வெடிப்புக்கு வந்தது. நான் தட்டைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தேன். இறங்கியது. அடுத்த சுற்றும் இறங்கியது. சத்தம் இருந்தது, இடி இல்லை, கதவில் விரலால் தட்டுவது மாதிரி. பியானோ நின்றது. கீழ்ச் சுரம் வந்தது. வில் எழும்பியது. கம்பி தனியே நின்று, ஆடி, ஓய்ந்தது.

முள்ளைத் தூக்கினேன். தட்டு உடையவில்லை.

"அந்த இடத்தில் எப்போதும் பிந்தித்தான் வருவார்" என்றார் மிஸிஸ் லோசன். "நான் பியானோவில் இருந்து சத்தம் போடுவேன். சாப்பாடு ஆறுகிறது என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவார். அவர் பிந்தித்தான் வருவார்." சிரித்தார். கண்ணைத் துடைக்கவும் செய்தார். கையுறை நனைந்தது.

மிஸ் ஹார்கோட் அட்டையில் தன் தொண்ணூறை ஒரு கோட்டால் வெட்டி, எண்பது என்று மையால் எழுதினார். என் பென்சிலை ரப்பரால் அழித்தார். முறை அதுதான். பிறகு எங்கள் இருவருக்கும் முன்னாலேயே ஃபென்விக்குக்குப் போன் எடுத்தார். நான் தந்த ஒலிநாடா பிழை. பிழை என்னுடையது. சரியானதை நாளைக்கு அனுப்புகிறேன், நீங்கள் எழுதியதை அதைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். "இல்லை, மிஸ்டர் ராசையா கண்டுபிடித்தார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் மிஸிஸ் லோசன் தகப்பனின் பியானோத் தாளைத் தபாலில் அனுப்பினார். பாரிசில் முதலில் அச்சடித்தது. ஜீ மைனர், ஏ மைனருக்கு ஒரு முழுப் படி கீழே. நாங்கள் வைத்திருந்தது பிறகு யாரோ மாணவர்களுக்காகச் சுருதி மாற்றி அச்சிட்டது. அன்றிலிருந்து இசைத்தாள் பார்ப்பதற்கு முன் மிஸ் ஹார்கோட் என்னைக் கூப்பிட்டு, கடைசிச் சுரத்தைக் கேட்கச் சொல்வார். நான் இருபத்தாறு வருடம் அந்த அறையில் இருந்தேன். ஓய்வு பெறும்போது அந்த அறைக்கு நான்தான் தலைவன். பிழை விட்டிருக்கிறேன். அதிகம் இல்லை.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் போனது. ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக் குசினியில் ரேடியோவை வைத்துக் கேட்டேன். ஜோசப் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். ஃபென்விக் மற்ற எல்லாரையும் பற்றி நிறையச் சொன்னார். ரொஷாரைப் பற்றி இரண்டே வரி. பாரிசில் பரிசு வாங்கியவர், மெல்பேணில் வாழ்ந்தவர், கேளுங்கள். ஏன் மேலே வரவில்லை என்ற பேச்சே இல்லை.

வயலின் தொடங்கியது. ஜோசப் ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தான். பிறகு அடுப்பை அணைத்தான். எண்ணெய்ச் சத்தம் அடங்கும்வரை பொறுத்து, கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டான்.

"என்னா அண்ணே இது, அழுவுறாரா, சிரிக்கிறாரா?"

"வாசிக்கிறார்" என்றேன்.